கூத்துக்களமும் படமாளிகையும்: சபரகமுவைத் தோட்டங்களில் மேடை இசை நாடகம் திரைக்கு வந்தபோது

மேடையில் ஆடியும் பாடியும் நடித்த ஒரு கதை படமாகும்போது, அதைப் பார்த்தவர்கள் எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள்? தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த பார்வையாளர் பெரும்பாலும் சென்னை, மதுரை, தஞ்சாவூர்ப் பார்வையாளர். இலங்கை என்றால் கொழும்பு, யாழ்ப்பாணப் பார்வையாளர். கொழுந்து பறித்தும் இறப்பர் மரத்தில் பால் வெட்டியும் வாழ்ந்தவர்கள் அந்தக் கணக்கில் வருவது குறைவு. மலையகத்தைப் பற்றிப் பேசும்போதும் ஹட்டன், நுவரெலியா, பதுளை முன்னே வரும். இரத்தினபுரியும் கேகாலையும் பின்னே நிற்கும்.

சபரகமுவையைத் தனியே எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. நுவரெலியாவைப் போலத் தோட்டத்தோடு தோட்டம் தொட்டுக் கிடக்கும் நிலம் அல்ல இது. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், அடிக்கும் தப்பு கிராமத்துக்குக் கேட்கும். கிராமத்து விகாரையின் தவுல் லயத்துக்குக் கேட்கும். இரத்தினபுரி சமன் தேவாலயத்துப் பெரஹராவுக்கும் சபரகமுவ நடனத்துக்கும் பெயர்போன மண்ணில்தான் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் காமன் கூத்தை ஆடினார்கள். ஆகவே இங்கே மேடையும் திரையும் சந்தித்த கதையில் இரண்டு மொழிப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதுவரை மூன்று விதமான பதில்கள் சொல்லப்பட்டு வந்துள்ளன. கூத்தையும் நாடகத்தையும் சினிமா அழித்தது என்பது முதல் பதில். சினிமா நாடகத்தின் நீட்சியே, மக்கள் அதே இன்பத்தைப் புதிய இடத்தில் கண்டார்கள் என்பது இரண்டாவது. சாதியும் தோட்டத்து அதிகாரமும் விதித்த வரம்புகளைத் தாண்ட மக்களுக்கு இடம் கொடுத்தது சினிமாதான் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சபரகமுவையைப் பொறுத்தவரை முதல் பதில் பெரும்பகுதி தவறு என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாடக மேடை பேசும் படமானபோது

1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியானதோடு தமிழ் பேசும் படம் தொடங்கியது. அதன் நாயகி டி.பி.ராஜலக்ஷ்மி நாடக மேடையிலிருந்து வந்தவர். அடுத்த பத்தாண்டுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவை மேடையில் ஏற்கெனவே ஓடிய கதைகள்: வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரன், நல்லதங்காள். இவற்றில் பலவற்றுக்கு மேடை வடிவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அந்த நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டே தூண். கதை எல்லோருக்கும் தெரிந்தது. இன்ன கட்டத்தில் இன்ன நடிகர் எப்படிப் பாடுகிறார் என்று பார்க்கவே கூட்டம் சேர்ந்தது.

இலங்கை இந்த மேடைக்குப் புறம்பானதல்ல. தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்து மாதக்கணக்கில் ஆடிவிட்டுப் போவது வழக்கம். எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் 1926இல் கொழும்பு மேடையில்தான் இணைந்தார்கள். பின்னர் தமிழ்நாடே கொண்டாடிய ஜோடி அது. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தார். மேடையை விட்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை ‘நந்தனார்’ படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தந்து அழைத்து வந்தார்கள். 1935இல் படம் வெளியானது.

இந்தப் படங்களுக்கு வந்த எதிர்வினைகளைப் பார்த்தால் படித்தவர்களின் தீர்ப்பும் கூட்டத்தின் தீர்ப்பும் பிரிந்து போவது தெரியும். 1934இல் கே.சுப்ரமண்யம் இயக்கிய ‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ 50 பாட்டுகள். மேடையில் அதே கதையில் புகழ்பெற்றிருந்த எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலக்ஷ்மியும் திரையிலும் நடித்தார்கள். மக்கள் திரண்டார்கள், பாகவதர் ஒரே படத்தில் நட்சத்திரமானார். ‘நந்தனார்’ படத்தைப் பார்த்த கல்கியோ ஆனந்த விகடனில் அதைக் கடுமையாகச் சாடினார். மனிதர்களைவிடப் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். சினிமா என்றால் இயல்பான நடிப்பு வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். மேடைப் பாட்டுக்குப் பழகியவர்களின் அளவுகோல் குரல்.

குரல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1945இல் ஏவி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘ஸ்ரீ வள்ளி’ சாட்சி. வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணி தம் சொந்தக் குரலிலேயே பாடியிருந்தார். டி.ஆர்.மகாலிங்கத்தின் குரலுக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்று கண்ட மெய்யப்பச் செட்டியார், பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்துக் குரலை மாற்றினார். படம் பெருவெற்றி பெற்றது. மேடையில் வள்ளியும் முருகனும் எதிரெதிரே நின்று பாட்டில் மோதுவார்கள். அந்த மோதல் குறைந்தால் கதையே குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள் உணர்வார்கள். திரைக்கு வந்த பிறகும் கேட்பவரின் காது மேடைக் காதாகவே இருந்தது.

மதுரையில் உருவான முதல் சிங்களப் படம்

இலங்கையின் சொந்தச் சினிமாவும் மேடையிலிருந்தே பிறந்தது. 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் வெளியான ‘கடவுணு பொறொந்துவ’ முதல் சிங்களப் பேசும் படம். நீர்கொழும்பைச் சேர்ந்த மினர்வா நாடகக் குழு பல ஆண்டுகள் மேடையேற்றிய பி.ஏ.டபிள்யூ.ஜயமான்னவின் பாட்டு நிறைந்த நாடகம் அது. படத்தைத் தயாரித்த எஸ்.எம்.நாயகம் மதுரைத் தமிழர். படம் பிடித்த இடமும் மதுரையில் இருந்த சித்ரகலா மூவிடோன். நாடகத்தில் நடித்தவர்களே படத்திலும் நடித்தார்கள். நாயகி ருக்மணி தேவி நுவரெலியாவை அடுத்த றம்பொடையில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரில் பிறந்தவர்.

சிங்களப் பார்வையாளர்களின் வரவேற்பு அமோகமாக இருந்தது. தங்கள் மொழி திரையில் ஒலித்ததே அவர்களுக்குப் பெருமை. மேடையில் கேட்டு மகிழ்ந்த பாட்டுகளை அதே நடிகர்களின் வாயால் கேட்டது இரண்டாவது மகிழ்ச்சி. அடுத்த சில ஆண்டுகளில் மினர்வா நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. விமர்சகர்கள் இவற்றைத் தென்னிந்தியப் படங்களின் நகல் என்றும், மேடைச் செயற்கை மாறாதவை என்றும் ஒதுக்கினார்கள். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்துக்குப் போய் ‘ரேகாவ’ படத்தை எடுத்தார். அதை விமர்சகர்கள் போற்றினார்கள்; கூட்டம் வரவில்லை. கல்கிக்கும் ‘நந்தனார்’ பார்வையாளருக்கும் இடையே இருந்த அதே பிளவு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு மொழியில்.

சபரகமுவையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இரத்தினபுரி, கேகாலைப் பட்டணங்களின் படமாளிகைகளில் சிங்களப் படமும் தமிழ்ப் படமும் மாறிமாறி ஓடின. தோட்டத்துத் தமிழருக்கு ருக்மணி தேவியின் பாட்டு அந்நியமாக இருக்கவில்லை. அந்த மெட்டுகளின் ஊற்று அவர்கள் காதுக்குத் தெரிந்த ஊற்று. கிராமத்துச் சிங்களவருக்கும் தமிழ்ப் படத்துப் பாட்டு பழக்கமானது. மொழி தெரியாமலேயே ஒருவர் பாட்டை மற்றவர் பாடிய காலம் அது. மேடை இசை நாடகம் திரைக்கு வந்ததால் இந்த மண்ணுக்குக் கிடைத்த நல்ல விளைவுகளில் இதை முதலாவதாகச் சொல்வேன்.

களத்தில் பார்வையாளர் யார்?

படம் பார்க்க வந்தவர் யார் என்று அறிய, அவர் அதற்கு முன் எதைப் பார்த்துப் பழகியிருந்தார் என்று அறிய வேண்டும். மலையகத்தில் பெயர்பெற்ற கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள் நினைவில் சுமந்து வந்தவை இவை.

காமன் கூத்தை ஒரு இரவு நிகழ்ச்சியாக எண்ணக் கூடாது. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் ஊன்றுவார்கள். அன்று தொடங்கி இரண்டு வாரம் தோட்டமே விரதத்தில் இருக்கும். மதனாகவும் ரதியாகவும் வேடம் கட்டும் இளைஞர் காப்புக் கட்டி நோன்பு இருப்பார்கள். ரதி–மதன் திருமணம் நடக்கும்; வேடக்காரர் லயம் லயமாகப் போவார்கள்; வீட்டுக்காரர் வாசல் தெளித்துக் கோலமிட்டு வரவேற்பார்கள். பௌர்ணமி இரவில் ஓலைத் தூதன், இந்திரன், எமன், வீரபத்திரன் என்று பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காமன் பொட்டலில் இறங்கும். விடியும் முன் சிவனின் கண் நெருப்பில் மதன் எரிவான். ரதியின் ஒப்பாரி எழும்போது லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். பின்னர் மதனை உயிர்ப்பிப்பார்கள்.

இந்த நிகழ்ச்சியில் வெறுமனே பார்ப்பவர் என்று யாரும் இல்லை. திருமணத்தில் அவர் பெண் வீட்டார் அல்லது மாப்பிள்ளை வீட்டார். வாசலில் அவர் விருந்தோம்புபவர். பொட்டலில் அவர் சாட்சி. ஒப்பாரியில் அவர் உறவு. அருச்சுனன் தபசில் மரத்தின் உச்சியில் நிற்கும் அருச்சுனன் எறியும் பூவையும் பழத்தையும் மடியில் ஏந்தப் பெண்கள் காத்திருப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுபவர்களுக்கு அது பிரசாதம். பொன்னர் சங்கர் கூத்தின் படுகளத்தில் வேடக்காரர் மட்டுமல்ல, பார்த்து நிற்பவர்களும் சாமி வந்து விழுவதுண்டு. தப்பு அடிப்பவர், வேடம் கட்டுபவர், பாட்டு வாத்தியார் எல்லோரும் காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்கும் அதே ஆட்கள்.

இப்படிப் பழகியவருக்குத் திரை என்ன செய்தது? அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது. கதை நடக்கும், அவர் இல்லாமலும் நடக்கும். அவர் அழுதாலும் அழாவிட்டாலும் மதன் அதே நொடியில் எரிவான். மேடைப் பாட்டைத் திரையில் பார்த்தவர்கள் எந்த ஊரிலும் சொல்லும் குறை இதுதான்: சுருக்கிவிட்டார்கள், மாற்றிவிட்டார்கள், அந்த உயிர் இல்லை. குறையின் வேர் கதை மாற்றத்தில் இல்லை. தமக்கிருந்த வேலை பறிபோனதில்தான் இருக்கிறது என்பது காமன் கூத்தின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

படமாளிகையில் கிடைத்தது

இழப்பை மட்டும் பேசினால் பாதிக் கதையாகும். களத்துக்குத் தோட்டத்து ஒழுங்கு உண்டு. யார் எந்த வேடம் கட்டலாம், யார் தப்பு அடிக்க வேண்டும், யாருக்கு முதல் மரியாதை என்பதில் சாதி இருந்தது. பெரியகங்காணியின் தயவும் தேவைப்பட்டது. பெண்கள் வேடம் கட்டவில்லை. ரதியாக வருபவரும் ஆணே.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைப் பற்றிய தம் ஆய்வில் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொன்னார்: தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான், இடம் சாதியைப் பொறுத்ததல்ல, வாங்கும் டிக்கெட்டைப் பொறுத்தது. தோட்டத்தில் பிறந்தவருக்கு இந்தக் கருத்தின் கனம் இன்னும் கூடுதல். கலரி டிக்கெட் வாங்கியவர் கலரியில் உட்கார்ந்தார்; அவர் எந்த லயம், எந்தக் கங்காணியின் ஆள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போவதே ஒரு விடுதலை. 1912இல் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை ரயிலும் பின்னர் வந்த பஸ்களும் அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கின. பெண்களுக்கு இது இன்னும் பெரிது: களத்தில் ஆண் ஒருவர் வேடமிட்டுப் பாடிய ரதியைப் பார்த்தவர்கள், திரையில் டி.பி.ராஜலக்ஷ்மியும் சுந்தராம்பாளும் தம் குரலிலேயே பாடுவதைக் கண்டார்கள்.

எனவே படமாளிகைக்குப் போனவர் கூத்தை வெறுத்துப் போகவில்லை. களத்தில் உறவினராக இருந்தார். படமாளிகையில் தனி மனிதராக இருந்தார். இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தன.

தெரிந்த கதை, தம் கதை

மேடையிலிருந்து திரைக்கு வந்த புராணக் கதைகள் தோட்டத்தில் ஏன் ஒட்டின என்பதையும் பார்க்க வேண்டும். அரிச்சந்திரன் கதையை எடுத்துக்கொள்வோம். பட்ட கடனுக்காக மனைவி சந்திரமதியையும் மகனையும் விற்று, தானும் சுடுகாட்டில் அடிமையாகிறான் அரசன். மேடையில் மயான காண்டம் தனியே ஒரு இரவை எடுக்கும். இது பலமுறை படமாகியிருக்கிறது: 1932இல் ஒன்று, 1944இல் மெய்யப்பச் செட்டியார் தம் கன்னடப் படத்துக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டது ஒன்று. 1968இல் சிவாஜி கணேசன் நடித்தது ஒன்று.

தோட்டத்து வரலாற்றில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டை வாங்கும் தோட்டத்துக்கே ஆளையும் மாற்றினார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பாட்டன் காலத்தில் கடனோடு கைமாறிய குடும்பங்களுக்குச் சந்திரமதி ஏலம் போகும் காட்சி வெறும் புராணமாக இருந்திருக்க முடியாது. நந்தனார் கதையும் அப்படியே: சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் விடைகேட்டு நிற்கும் பண்ணையாள், ஊருக்குப் போகத் துரையிடம் லீவு கேட்டு நிற்பவருக்கு அந்நியனல்ல.

‘நந்தனார்’ படத்தைக் கல்கி எந்த இடத்திலிருந்து பார்த்தார், பண்ணையாளாக வாழ்ந்தவர் எந்த இடத்திலிருந்து பார்த்தார் என்பதை ஒருசேர வைத்தால்தான் எதிர்வினை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைக்கும். நடிப்பு செயற்கை என்று ஒருவர் சொல்வதும், அந்த விடைகேட்கும் பாட்டில் இன்னொருவர் கண்கலங்குவதும் ஒரே படத்தைப் பற்றிய இரண்டு உண்மைகள்.

தோட்டத்து வாழ்க்கையே திரைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தொழிற்சங்கவாதியான வி.பி.கணேசன் 1975இல் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. புராணத்தின் ஊடே தம்மைக் கண்டவர்கள் அன்று தம் லயத்தையும் மலையையும் நேராகவே திரையில் கண்டார்கள்.

உலகம் முழுவதும் ஒரே மனக்குறை

மேடைக் கதை திரையாகும்போது எழும் முறையீடுகள் தமிழருக்கு மட்டும் உரியவை அல்ல. ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ 1959இல் நியூயோர்க் மேடைக்கும் 1965இல் திரைக்கும் வந்தது. பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் சிலர் அதைச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கினார்கள். மக்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். 2012இல் ‘லே மிஸராப்ல’ இசை நாடகத்தைப் படமாக்கிய டொம் ஹூப்பர், நடிகர்களைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாட வைத்தார். அந்த உடனடித் துயரம் பலரைத் தொட்டது. பாட்டில் தேர்ச்சி போதாத நடிகர்களை மேடை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. அதே இயக்குநர் 2019இல் ‘கேட்ஸ்’ நாடகத்தைப் படமாக்கியபோது படம் படுதோல்வி. மேடையில் பூனை வேடமிட்ட மனிதரைப் பூனையாக ஏற்றுக்கொள்வது பார்வையாளரின் கற்பனை. திரையில் கணினி ஒட்டிய மயிர் அந்தக் கற்பனைக்கு இடம் தரவில்லை.

இந்த மூன்றாவது உதாரணம் நமக்கு மிக வேண்டியது. காமன் பொட்டலில் வீரபத்திரனாக வருபவர் நேற்றுவரை பக்கத்து லயத்துப் பையன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் முன் கைகூப்புகிறார்கள். நம்புவது பார்வையாளர் தரும் கொடை. 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த ‘பொன்னர் சங்கர்’ வெளியானது, கலைஞர் மு.கருணாநிதியின் நாவலைத் தழுவியது, இளையராஜா இசை. அரண்மனையும் படையும் பிரமாண்டமாக எழுந்தும் படம் ஓடவில்லை. படுகளத்தில் விழுந்து எழுந்த அனுபவமுள்ள ஒரு சமூகத்துக்கு, கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காத பிரமாண்டம் போதாது.

கூத்தை மேடைக்கு ஏற்றியவர்களும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கூத்து மரபுகளைப் புதுக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடியது ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக் களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையானது. படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது பெரும் பேறு. ஆனால் அங்கேயும் பார்வையாளர் நாற்காலிக்குப் போனார். சுருக்கம் திரையில் மட்டும் நடப்பதல்ல. களத்தை விட்டு எங்கே போனாலும் அது கூடவே வருகிறது.

திரை திருப்பிக் கொடுத்தது

சினிமா கூத்தை அழித்தது என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மலையகக் கூத்து வாத்தியார்கள் சினிமாவைக் கண்டு ஓடவில்லை, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பழைய மெட்டுக்கு நடுவே சினிமா மெட்டு வந்தது. கோமாளியின் பேச்சில் அந்த வாரம் பட்டணத்தில் ஓடிய படம் வந்தது. மதனின் உடையில் சினிமா அரசனின் சாயல் ஏறியது. தூய்மை பேசுபவர்களுக்கு இது கெட்டுப்போனதாகத் தோன்றலாம். சினிமாவை எடுத்துத் தன் மண்ணில் பதித்துக்கொள்ளும் வலு கூத்துக்கு இருந்தது என்றே நான் கொள்கிறேன். உயிருள்ள கலைதான் கடன் வாங்கும்.

சினிமாவின் பாட்டே மேடைப் பாட்டிலிருந்து வந்தது. ஆகவே சினிமாவிலிருந்து களத்துக்குத் திரும்பிய மெட்டில் ஒரு பகுதி, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையிலிருந்து புறப்பட்டுச் சென்னை ஸ்டூடியோவழியாக எட்டியாந்தோட்டைக்கு வந்து சேர்ந்த மெட்டு. மேடையும் திரையும் கொடுத்து வாங்கியவை. ஒன்றை ஒன்று கொன்றவை அல்ல.

களம் எதனால் வெறிச்சோடியது?

அப்படியானால் சபரகமுவைத் தோட்டங்கள் பலவற்றில் காமன் ஊன்றுவது ஏன் நின்றது? விடை படமாளிகையில் இல்லை. சட்டப் புத்தகத்திலும் தீயிலும் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது; மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. கப்பல் ஏறியவர்களில் பாட்டு வாத்தியார்கள் இருந்தார்கள், தப்பு அடித்தவர்கள் இருந்தார்கள், ரதி வேடம் கட்டிய இளைஞர்கள் இருந்தார்கள். தனியொருவர் போனால் ஒரு பார்வையாளர் குறைவார். வாத்தியார் போனால் ஒரு கூத்தே போய்விடும். 1970களின் நிலச் சீர்திருத்தமும் அப்போது நிலவிய பட்டினியும் தோட்டங்களை மேலும் கலைத்தன.

பிறகு வந்தது தமிழருக்கு எதிரான வன்செயல். 1977இல் ஒருமுறை, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் ஒருமுறை, 1983 ஜூலையில் நாடு முழுவதும். லயங்கள் எரிந்தன. கிராமங்களுக்கு நடுவே சிதறியிருந்த தோட்டங்கள் என்பதால் தப்பி ஒளிய இடம் குறைவு. பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். பலர் இந்தியா போனார்கள். விடியவிடியத் தப்பு அடித்துக் கூத்தாடுவதற்கு அச்சமற்ற இரவு வேண்டும். அந்த இரவு பறிபோனது.

1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் வந்தன. அதன்பின் வீடியோவும் டிஷ்ஷும் லயத்துக்குள் நுழைந்தன. வெளியே போக அஞ்சிய காலத்தில் உள்ளே இருந்து பார்க்கும் திரை வசதியானது என்பது இயல்பு. திரை அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது. வெற்றிடத்தை உண்டாக்கியது திரை அல்ல. இழந்ததற்குப் பொறுப்பானவர்களை விட்டுவிட்டுச் சினிமாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, நடந்த அநியாயத்தை மறைப்பதாகும். அதனாலேயே இந்தத் தவறான விடையை இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன்.

செய்ய வேண்டியது

தொகுத்துப் பார்த்தால் நான்கு முடிவுகள் கிடைக்கின்றன. மேடை இசை நாடகத்தைத் திரையில் பார்த்த மக்கள் முதலில் தேடியது குரலை. கதை மாற்றத்தை மன்னித்தார்கள், குரல் குறைவை மன்னிக்கவில்லை. அவர்கள் உணர்ந்த இழப்பு, கதையில் தமக்கிருந்த பங்கின் இழப்பு. அவர்கள் பெற்ற ஆதாயம், தோட்டத்து ஒழுங்குக்கு வெளியே கிடைத்த ஒரு சமமான இருக்கை. சபரகமுவையில் களத்தைக் கலைத்தது குடியுரிமைப் பறிப்பும் நாடுகடத்தலும் வன்செயலுமே.

இதுவரை மலையகக் கூத்துகளில் பாட்டும் கதையும் ஓரளவு பதிவாகியுள்ளன. சி.வி.வேலுப்பிள்ளை மக்கள் பாடல்களைத் தொகுத்தார். மாத்தளை வடிவேலன், அந்தனி ஜீவா போன்றோர் கூத்தையும் நாடகத்தையும் பற்றி எழுதினார்கள். அடுத்து வர வேண்டியது பார்வையாளரின் நினைவு. காமன் பொட்டலில் ரதியோடு அழுத பெண்கள், படமாளிகைக் கலரியில் சந்திரமதிக்காக அழுத அதே பெண்கள், இன்று பாட்டிமார். அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த நினைவும் போய்விடும் காலம் தொலைவில் இல்லை. பெலிஹுல்ஓயாவில் உள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் இதைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவுசெய்ய வேண்டும். கூத்தைக் கிராமத்து வேலியோரம் நின்று பார்த்த சிங்களப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். காமன் ஊன்றும் தோட்டம் இன்றும் உங்கள் பக்கத்தில் இருந்தால், கைபேசியை ஆடுபவர் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். சுற்றி நிற்பவர்கள் பக்கமும் திருப்புங்கள். அவர்கள் முகத்தில்தான் அந்தக் கூத்தின் மறுபாதி நடக்கிறது.